பனிச்சறுக்குப் பலகை வெளுத்தால் அரைக்க வேண்டுமா?

"பனிச்சறுக்குப் பலகையின் அடிப்புறம் வெளுத்துவிட்டால் உடனே கல்லில் அரைத்துவிடுங்கள்", அதாவது சுழலும் கல்லில் தேய்த்துச் சமப்படுத்துங்கள், என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. வெளுப்பு பெரும்பாலும் மெழுகு வற்றியதன் அடையாளம். சூடாக மெழுகு ஏற்றினாலே சரியாகிவிடும். அப்படியும் விளிம்போரம் வெள்ளையாகவே நின்றால்தான் அரைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன அடித்தளத்தின் தடிமனே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஒவ்வோர் அரைப்பும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், எஃகு விளிம்பையும் சேர்த்து.

அரைப்பு தேவையா என்று அறிய, மெழுகைச் சுரண்டி எடுத்தபின், நேரான உலோகப் பட்டையை அடிப்புறத்தின் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நடுவில் ஒளி கசிந்தால் குழிவு. ஓரங்களில் கசிந்தால் நடுமேடு. கசிவு தெளிவாகத் தெரிந்தால் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். ஆழமான கீறல் இருந்தால் முதலில் அதை நிரப்பி அடைக்க வேண்டும், பிறகே அரைப்பு. விளிம்பு மழுங்கியதற்கெல்லாம் அரம் போதும்.