வாங்குகிறவன் மேல் ஏன் பழி?

நேற்றைய விவாதத்தை இங்கே பலரும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டு நிறுவனங்கள் வரி கட்டாமல் நழுவுகின்றன என்ற பேச்சு வந்ததும், "மக்கள் அவர்கள் பொருளை வாங்காமல் விட்டால் தானாக வழிக்கு வருவார்கள்" என்றார் அதில் பேசிய கணக்குத் தணிக்கையாளர். நெறியாளரும் தலையாட்டினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓட்டையை அடைக்க வேண்டியது அரசு. வாங்குகிறவன் அல்ல.

மொரீஷியஸ் கதை அதற்குள் மறந்துவிட்டதா? ஒரே வருமானத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி விழாமலிருக்க இந்தியா அந்நாட்டோடு 1982-இல் போட்ட ஒப்பந்தம். அங்கே ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து, அதன் பெயரில் இந்தியப் பங்குகளை வாங்கி விற்றால் அந்த லாபத்துக்கு இந்தியா வரி போட முடியாது என்றது அது. மொரீஷியஸோ போடுவதே இல்லை. வருமான வரி அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. 2000-இல் இப்படி வந்த முதலீட்டாளர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். உடனே அவர்களுக்கு மேலே உள்ள மத்திய நேரடி வரிகள் வாரியமே 789-ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. ஒப்பந்தச் சலுகை பெற மொரீஷியஸ் தரும் வசிப்பிடச் சான்றிதழே போதுமாம்! டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் வரை போய் 2003-இல் அதற்கு உயிர் கொடுத்ததும் நம் அரசுதான். ஒப்பந்தத்தைத் திருத்தியது 2016-இல். 34 ஆண்டுகள்! இதில் எந்தக் கடையில் எந்தப் பொருளை நான் வாங்காமல் விட்டிருக்க வேண்டும்?

என் அப்பா வன்பொருள் கடை வைத்திருக்கிறார். மருத்துவமனையில் படுத்திருந்த மாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யத் தாமதமானது. நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம் அடுத்த மாதக் கணக்கில் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. காரணத்தைக் கேட்க அங்கே ஆளில்லை. அவர் முணுமுணுக்காமல் கட்டினார். எனக்குத்தான் வலித்தது.

"கெடுபிடி செய்தால் முதலீடு ஓடிவிடும்" என்பார்கள். 2016-க்குப் பிறகு ஓடிவிட்டதா? "வோடஃபோன் விஷயத்தில் அரசு கடுமை காட்டவில்லையா?" காட்டியது. ஹட்ச் நிறுவனத்தின் இந்தியக் கைபேசித் தொழிலை வோடஃபோன் கேமன் தீவு நிறுவனம் வழியாக 2007-இல் வாங்கிய கைமாற்றத்துக்கு வரி கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, முன்தேதியிட்டுச் சட்டம் போட்டது. 2021-இல் அதையே திரும்பப் பெற்றது. காலத்தில் சட்டத்தைச் சரிசெய்திருந்தால் இந்த அவமானம் எதற்கு?

"நீ மட்டும் வரிச் சலுகை வாங்கவில்லையா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே என் வரியைப் பிடித்துவிடுகிறார்கள்.

"இதில் ஏன் அரசியல் பேசுகிறாய்?" என்றும் வருவீர்கள். ஒப்பந்தம் போட்டதும், சுற்றறிக்கை விட்டதும், கட்சி மாறி கட்சி ஆண்டும் அதைத் தொடாமல் வைத்திருந்ததும் அரசியல் இல்லாமல் வேறு என்ன?