சிறுதொழில் ஆய்வேட்டில் லாபம் எங்கே?

"சிறுதொழில் முனைவோர் சந்திக்கும் பிரச்சினைகள்" என்று மாவட்டப் பெயரை மட்டும் மாற்றிப்போட்டு வரும் ஆய்வேடுகளைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கைக்கு எட்டிய நூறு பேர், "முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்" தொடங்கி ஐந்து கட்டங்கள், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில், இரண்டு பதில்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் ஒரு கை ஸ்கொயர் சோதனை. முதலிடத்தில் "முதலீடு இல்லை". அந்தக் கடைக்கு மாதம் என்ன மிஞ்சுகிறது என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்பது சாக்கு. பொருளியல் ஆய்வாளர்கள் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் மூவரும் இலங்கைச் சிறுதொழில்களில் இதையே சோதித்து 2009இல் எழுதினார்கள். வரவிலிருந்து செலவைக் கழித்து வந்த லாபமும் நேரே கேட்டு வாங்கிய லாபமும் ஒத்துப்போகவில்லை. இந்த மாதம் வாங்கிய சரக்கு அடுத்த மாதம்தான் விற்கிறது என்பது முக்கியக் காரணம். இரண்டு மூட்டை அரிசி இறக்கிய மாதத்தில் இட்லிக் கடை கணக்கில் நஷ்டம் காட்டும், கடை நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். வரவைச் சுமார் 30 விழுக்காடு குறைத்துச் சொல்கிறார்கள் என்பதையும் கண்டார்கள். அவர்கள் பரிந்துரை நேர்க்கேள்விதான்: "ஆள் கூலி உட்பட எல்லாச் செலவும் போக, உங்களுக்கென்று எடுத்துக்கொண்டதைக் கழிக்காமல், போன மாதம் தொழிலில் என்ன நின்றது?" "உங்களுக்கென்று எடுத்துக்கொண்டதைக் கழிக்காமல்" என்ற நடுப்பகுதியை விட்டுவிட்டால் சிலர் வீட்டுச் செலவையும் கழித்துவிட்டுச் சொல்வார்கள். கடையிலிருந்து வீட்டுச் சமையலுக்குப் போன சரக்கைத் தனியாகக் கேட்க வேண்டும்.

லாபத்தை அளந்ததால் கிடைத்ததைப் பாருங்கள். சுனாமிக்குப் பின் 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் இதே மூவர் சிறுதொழில்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 இலங்கை ரூபாய், பணமாகவோ பொருளாகவோ, திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தார்கள். எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் அந்த முதலுக்கு மாதம் சராசரியாகச் சுமார் 5 விழுக்காடு வருமானம் வந்தது. ஆனால் அந்த ஏற்றம் ஆண்கள் நடத்திய தொழில்களிலிருந்துதான் வந்தது. பெண்களுடையதில் சராசரியாக ஒன்றும் ஏறவில்லை.

"பெண்களுக்குத் தொழில் வராது" என்று இதை வைத்துப் பேசியவர்கள் அவசரப்பட்டார்கள். 2019இல் வேறொரு குழு இலங்கைத் தரவையும் இந்திய, கானா தரவுகளையும் வீட்டு அளவில் மறுபடி பிரித்துப் பார்த்தது. வீட்டில் பெண்ணுடைய தொழில் மட்டுமே இருந்த இடங்களில் பெண்களுக்கும் நல்ல வருமானம் வந்திருந்தது. மற்ற வீடுகளில் பணம் கணவர் தொழிலுக்குப் போயிருக்கிறது. நம்மூரில் மகளிர் குழுக் கடனை ஆராய்கிறவர்கள் கேள்வித்தாளில் அந்த வீட்டின் எல்லாத் தொழில்களையும் தனித்தனி வரியில் எழுதி, ஒவ்வொன்றின் லாபத்தையும் கடன் பணம் எதில் இறங்கியது என்பதையும் கேட்காவிட்டால், அதே தவறான விடைதான் வரும்.