தோட்டா மலிவாகக் கிடைத்த காலம்: எதற்கு வருந்துவது, எதற்கு வேண்டாம்

அமெரிக்கத் துப்பாக்கி சுடுபவர்கள் மத்தியில் பழைய விலைச்சீட்டுப் படம் ஒன்று வந்தால் போதும், பெருமூச்சு தொடங்கிவிடும். பாயின்ட் டூ டூ (.22) தோட்டா 550 கொண்ட பெட்டி 18 டாலர். சோவியத் ராணுவத் தகர டப்பா, 440 தோட்டா, 80 டாலர். கீழே வரும் புலம்பலும் ஒன்றுதான்: அரசாங்கம் கெடுத்துவிட்டது. விலைகள் உண்மைதான், ஆனால் அந்த இரண்டும் ஒரே வகை மலிவு இல்லை. ஒன்று திரும்பி வரவே வராது, அதை எண்ணி ஏங்குவதில் பயனும் இல்லை. இன்னொன்றைப் பெருமளவு கெடுத்தது சுடுபவர்களாகிய நாம்தான்.

முதலில் தகர டப்பா. அதற்குள் இருந்த 7.62×54 ஆர் என்பது 1891இல் ரஷ்யப் படைக்கு வந்த மோசின்-நகாந்த் ரைஃபிளின் தோட்டா. பனிப்போர் முழுக்க சோவியத் அணி நாடுகள் இதைச் செய்து செய்து கிடங்குகளில் அடுக்கின. அந்த அணி கலைந்த பிறகு, வைத்துக் காப்பதற்கும் செலவு, அழிப்பதற்கும் செலவு. அமெரிக்க இறக்குமதியாளர்கள் கிடைத்த விலைக்கு அள்ளி வந்தார்கள். ஒரு மரப்பெட்டியில் இரண்டு டப்பா, 880 தோட்டா. டப்பா 80 டாலர் என்றால் தோட்டா 18 சென்ட். ரைஃபிளே 2000களில் 100 டாலருக்குள் கிடைத்தது. இந்த 18 சென்ட்டில் உலோகத்தின் விலையும் இல்லை, வெடிமருந்தின் விலையும் இல்லை, கூலியும் இல்லை. அதையெல்லாம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சோவியத் அணி நாடுகளின் மக்கள் கட்டி முடித்துவிட்டார்கள். கிடங்கைக் காலி செய்த விலையை வைத்துக்கொண்டு இன்றைய தொழிற்சாலையைத் திட்டுவது நியாயமே இல்லை.

போதாததற்கு, சுட்டு முடித்த பிறகு ஒரு வேலை காத்திருந்தது. ஊசி அடித்ததும் வெடித்து வெடிமருந்துக்குத் தீ வைப்பது பிரைமர். இந்தப் பழைய தோட்டாக்களின் பிரைமரில் இருந்தது பொட்டாசியம் குளோரேட். வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகிக் குழலுக்குள் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரக்காற்று அடிக்கும் ஊரில் மறுநாளே துரு பிடிக்கும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது. எண்ணெய்த் துணியால் துடைத்து அலமாரியில் வைத்த ரைஃபிள்கள்தான் பாழாயின. தண்ணீரே மருந்து. தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டைக் கழற்றி, அந்த அறைப்பக்கத்தில் புனல் வைத்து, ஒரு லிட்டர் கொதிநீரை ஊற்றி முனைவழியே வடியவிட வேண்டும். அந்தச் சூட்டிலேயே குழல் பெரும்பாலும் காய்ந்துவிடும். மிச்ச ஈரத்தைத் துணியால் எடுத்துவிட்டு குழல் துடைக்கும் வழக்கமான சால்வன்ட் திரவம், கடைசியில் எண்ணெய். போல்ட்டின் முகத்தையும் கழுவ வேண்டும். சோவியத் எஸ்கேஎஸ் போன்ற அரைத் தானியங்கி ரைஃபிளானால் வெடிவாயு போகும் கேஸ் டியூபையும் பிஸ்டனையும் விட்டுவிடக் கூடாது. துரு முதலில் அங்கேதான் பிடிக்கும். இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துணி விட்டுப் பார்த்து, பழுப்பு ஒட்டி வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் உப்பை முறிக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். உப்பைக் கரைப்பது அந்தத் திரவத்தில் உள்ள தண்ணீர்தான்.

பழைய சரக்கு எல்லாமே நல்ல சரக்கும் இல்லை. துருக்கியிலிருந்து வந்த 8 மி.மீ. மவுசர் தோட்டாக்களில் உறையின் கழுத்து விண்டிருக்கும், சில சற்றுத் தாமதித்து வெடிக்கும். ‘க்ளிக்’ என்று மட்டும் கேட்டால் போல்ட்டைத் தொடாமல், முனையை இலக்கை விட்டு அசைக்காமல், அரை நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் உடனே திறந்தால் முகத்துக்கு நேரே வெடிக்கக்கூடும். சோவியத் தோட்டாக்களின் இரும்பு உறையில் இருப்பதோ பெர்டான் பிரைமர். தீ போகும் துளை நடுவில் இருக்காது, பக்கவாட்டில் இரண்டு இருக்கும். சுட்ட உறையை வீட்டில் மறுபடி நிரப்பும் ரீலோடிங் கருவியில், பழைய பிரைமரைத் தள்ளும் நடு ஊசி அதில் இறங்காது. சுட்டால் குப்பைதான்.

அரசாங்கத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 1994இல் சீனத் தோட்டா இறக்குமதியைத் தடுத்தார்கள். 2014 ஏப்ரலில் 5.45×39 அளவிலான 7என்6 தோட்டாவை, இரும்பு உள்ளீடு இருப்பதாலும் அந்த அளவில் கைத்துப்பாக்கி வந்துவிட்டதாலும், கவசம் துளைக்கும் வகையில் சேர்த்தார்கள். 1080 தோட்டா டப்பா அதோடு நின்றது. 2021 செப்டம்பரில், ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னிக்கு நஞ்சு கொடுத்த விவகாரத்தில், ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி நின்றது. இவை எல்லாம் உண்மை. ஆனால் பழைய ராணுவக் கையிருப்பைப் பொறுத்தவரை, தடையே இல்லாவிட்டாலும் கிடங்கு ஒருநாள் காலியாகத்தான் போகிறது. யாரும் அதைப் புதிதாகச் செய்து அடுக்கவில்லை.

.22 கதை வேறு. அது புதிதாகச் செய்து, லாபம் வைத்தே விற்ற சரக்கு. 18 டாலருக்கு 550 என்றால் ஒன்று மூன்று சென்ட் சொச்சம். சுடக் கற்பவர் கையில் முதலில் வர வேண்டியது இதுதான். உதைப்பு இல்லை, சத்தம் குறைவு. குறி பார்ப்பது, மூச்சை நிறுத்துவது, ட்ரிகரை அசையாமல் அழுத்துவது எல்லாம் இதில்தான் படியும், அதுவும் ஆயிரக்கணக்கில் சுட்டால்தான். இதில் தனி பிரைமர் கிடையாது. உறையின் அடிவிளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். ஈரப் பசையாகப் பிரைமரை ஒரு பொட்டு வைத்து, உறையைச் சுழற்றி விளிம்புக்குள் பரவவிடுவார்கள். ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிக்கிறது. பசை சரியாகப் பரவாத இடத்தில் அடித்தால் வெடிக்காது. அரை நிமிடம் காத்திருந்து எடுத்து, சற்றுத் திருப்பிப் போட்டால் பல நேரம் வெடித்துவிடும். நசுங்கிய விளிம்பை மீண்டும் நிரப்புவது நடைமுறைக்கு ஆகாது. ஆக, கடையில் .22 இல்லையென்றால் வீட்டில் செய்துகொள்வது அநேகமாக நடக்காத காரியம்.

2012 டிசம்பரில் அமெரிக்காவின் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்து வந்த சட்டப் பேச்சு முதன்மையாகத் தாக்குதல் வகை ரைஃபிள்களையும் நிறையத் தோட்டா பிடிக்கும் பெரிய மேகசின்களையும் பற்றியது. .22 தோட்டா அதன் குறி இல்லை. இருந்தும் அலமாரிகள் காலியாயின. விடிகாலையில் வரிசை, ஆளுக்கு மூன்று பெட்டி என்ற வரம்பு, குடும்பத்தையே வரிசையில் நிறுத்தி அந்த வரம்பைத் தாண்டுவது, வாங்கியதை வார இறுதிச் சந்தையில் மும்மடங்கு விலைக்கு விற்பது. தொழிற்சாலைகள் எல்லா ஷிப்டும் ஓடின. ஆனால் புது வரிசை இயந்திரம் போட அவர்கள் தயங்கினார்கள், அது சரிதான். பயத்தில் வந்த கிராக்கி பயம் தெளிந்தால் போய்விடும். அப்படியே ஆனது, ஆனால் .22 அலமாரிகள் நிறையச் சில வருடம் பிடித்தது. அந்த வருடங்களில் சிறுவர் பயிற்சி வகுப்புகள் தோட்டாவை எண்ணி எண்ணிக் கொடுத்தன. 2020இல் மறுபடி அதே கூத்து. இது எனக்கு இன்னும் ஆறவில்லை. பதுக்கியவர்களில் பலர் தாங்களே .22 சுடுவதில்லை என்றே நினைக்கிறேன்.

அண்மைய விலைக்கு வருவோம். 9 மி.மீ. பயிற்சித் தோட்டா 2019இல் 18 சென்ட் வாக்கில் கிடைத்தது, 2021 தொடக்கத்தில் 60 சென்ட்டைத் தாண்டியது, 2024இல் 22 முதல் 24. அந்த ஐந்து வருடத்தில் பொதுவான விலைவாசியே 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறியிருக்கிறது. கணக்குப் போட்டால் 2024இல் 9 மி.மீ. அநேகமாக 2019 விலையில்தான் நின்றது.

ரீலோடிங் செய்தால் மிச்சம் என்பவர்களும் காகிதத்தில் எழுதிப் பார்க்கட்டும். வெடிமருந்தைக் கிரெய்ன் என்ற சிறு எடையில் அளப்பார்கள், ஒரு பவுண்டு 7000 கிரெய்ன். தோட்டாவுக்கு ஐந்து கிரெய்ன் என்று வைத்தால் 1400 வரும். மருந்து 45 டாலர் என்றால் தோட்டாவுக்கு மூன்று சென்ட். முன்பு ஆயிரம் 30 டாலராக இருந்த பிரைமர் 2024 வாக்கில் 80, ஆக எட்டு சென்ட். முனையிலிருந்து பறக்கும் குண்டு ஒன்பது பத்து சென்ட். உறையை இலவசமாகப் பொறுக்கினாலும் 21 சென்ட் ஆகிவிடுகிறது, தபாலில் வாங்கினால் ஆபத்துப் பொருள் கட்டணம் வேறு. 9 மி.மீ.க்கு இது வீண் உழைப்பு. கடையில் ஒன்று ஒரு டாலருக்கு மேல் விற்கும் ரைஃபிள் அளவுகளுக்கே ரீலோடிங் பொருந்தும்.

செலவைக் குறைக்க வேண்டுமா, காலித் துப்பாக்கியோடு வீட்டில் ட்ரிகர் பயிற்சி செய்யுங்கள். அந்த அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. .22இல் மட்டும் வெறுமனே அழுத்தாதீர்கள், ஊசி தோட்டா அறையின் விளிம்பைக் கொத்திக் கெடுக்கும். சுவரில் திருகு பிடிக்க வைக்கும் 4-6 எண் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கரைத் தோட்டா அறையில் செருகினால் போதும், தேயத் தேய மாற்றிக்கொள்ளலாம். நிலவறையில் 2013இல் வாங்கிய .22 பெட்டிகள் இன்னும் பிரிக்காமல் இருந்தால், பக்கத்துச் சிறுவர் பயிற்சி வகுப்புக்கு இரண்டு பெட்டி கொடுங்கள். ஒரு பிள்ளை ஒரு வகுப்பில் 50 தோட்டா சுட்டால், 550 பெட்டி ஒன்று பதினோரு பிள்ளைகளுக்கு வரும்.