ஒரே அமர்வில் முடித்தாக வேண்டும் என்பது சரியல்ல

"இம்ப்ரெஷனிசக் கடல்காட்சியைக் கரையிலேயே, ஒரே அமர்வில் முடிக்க வேண்டும், வீட்டில் தொட்டால் கெட்டுவிடும்" என்று சிலர் சொல்வது தவறு. (இம்ப்ரெஷனிசம் என்பது மாறிக்கொண்டே இருக்கும் ஒளியை விரைவான தீற்றல்களில் பிடிக்கும் ஓவியப் பாணி.) புதிதாக எண்ணெய் வண்ணம் பழகுபவர்கள் இதை நம்பி மனம் தளரக் கூடாது.

இந்தப் பாணியின் முன்னோடியான பிரெஞ்சு ஓவியர் மோனே 1870இல் பிரான்சின் த்ரூவில் என்ற ஊரின் கடற்கரையில் தீட்டிய ஓவியத்தின் வண்ணத்துக்குள் மணல் துகள்களே சிக்கியிருக்கின்றன. வெளியில் வரைந்தார், உண்மைதான். ஆனால் 1880களில் எத்ரெத்தா என்ற பிரெஞ்சுக் கடலோர ஊரில் வானிலை மாற மாற வேறு வேறு கேன்வாஸை எடுத்தார். பலவற்றை ஸ்டுடியோவில்தான் முடித்தார்.

ஈரமான நீல அலைமேல் உடனே ஆரஞ்சு ஒளியை இழுத்துத் தேய்த்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். குறைந்த எண்ணெயில் மெல்லிய அடிப்பூச்சு கொடுத்து, சில நாள் காயவிடுங்கள். பிறகு கெட்டியான தீற்றல்களை அதன்மேல் வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்துவிடுங்கள்.