விற்ற விலையில் வாங்கிய விலை போனால் மிச்சமெல்லாம் லாபமா?

அண்ணன் (பெரியப்பா மகன்) வீடு விற்றதைக் கொண்டாடி எழுதிய பதிவையும் அதன் கீழே எனக்கு நடந்த அர்ச்சனையையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு என் கேள்வி இனிக் கிடைக்காது, நீக்கப்பட்டுவிட்டது. "வயிற்றெரிச்சல்" என்று மற்றவர்கள் எழுதியவை மட்டும் பத்திரமாக இருக்கின்றன.

நான் கேட்டது இவ்வளவுதான்: "செலவெல்லாம் போக எவ்வளவு நின்றது அண்ணா?"

உண்மைத் தொகையை எழுதினால் அதற்கும் ஒரு சண்டை வரும். அதனால் 12 ஆண்டுகளுக்கு முன் 100க்கு வாங்கி இப்போது 200க்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். "உட்கார்ந்த இடத்தில் நூறு சதவீத லாபம்" என்று எழுதியிருந்தார். விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் லாபம் அல்ல. அது வெறும் வித்தியாசம். 12 ஆண்டுகளில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 6 சதவீத வளர்ச்சி. வங்கி வைப்பு பற்றி இப்படி யாராவது பூங்கொத்துப் படம் போட்டுக் கொண்டாடியிருக்கிறோமா?

வாங்கும்போது முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பத்திரம் பார்த்த வழக்கறிஞர், தரகு என்று 10 போயிருந்தால் வீட்டின் அடக்கவிலை 110. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியிருந்தால் இன்றைய 200க்கு அன்றைய மதிப்பு ஏறத்தாழ 111. 110 போட்டதற்கு நின்றது ஏறத்தாழ ஒன்றுதான். விற்றபோது கொடுத்த தரகையும் கட்டவேண்டிய வரியையும் நான் இன்னும் தொடவே இல்லை.

கடனுக்கு வருவோம். விலையில் 80ஐ 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கியிருந்தால் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும். 12 ஆண்டுகள் தவறாமல் கட்டிய தவணைகளைக் கூட்டினால் ஏறத்தாழ 104. அதற்குப் பிறகும் அசலில் 49 பாக்கி நிற்கும். கட்டியதில் வட்டி மட்டும் 73. இந்த 73 யார் வீட்டுப் பணம்? அதைச் சொல்லாமல் 100 லாபம் என்றால், கேட்பவனுக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது என்று நினைப்பதாகத்தானே பொருள்?

"வாடகை வந்ததே, அதை ஏன் சொல்லவில்லை?" என்று மாமா கேட்டிருந்தார். வந்தது மாமா, மறுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தால் அந்த ஆண்டு வாடகையில் 8 சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், ஆள் மாறும்போதெல்லாம் வெள்ளையடிப்பு, புதிய ஆளைக் கொண்டுவந்த தரகருக்கு ஒரு தொகை, இவற்றையும் சொல்லுங்கள். கடன் வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்று இன்னொருவர். சரி, இருக்கட்டும்.

"மண்ணில் போட்டது வீண்போகாது" என்பவர்களுக்கு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள ஹெரன்கிராக்ட் கால்வாய்க்கரையைச் சிபாரிசு செய்கிறேன். அங்குள்ள வீடுகள் கைமாறிய விலைகளை 1628 முதல் 1973 வரை தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 350 ஆண்டுகளில் மதிப்பு சுமார் இரண்டு மடங்குதான் ஆனது. நகரின் மிகச் சிறந்த இடத்திலேயே நிலைமை இதுதான். சொந்த வீட்டில் குடியிருப்பதன் நிம்மதியை நான் குறை சொல்லவில்லை. அதற்கு விலை போட முடியாது. ஆனால் அண்ணன் அந்த வீட்டில் ஒரு நாள்கூடக் குடியிருக்கவில்லை.

அவர் வெளிநாட்டில் இருந்தார். சாவி என்னிடம் இருந்தது.

இதைச் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். "உட்கார்ந்த இடத்தில்" என்று எழுதினாரே, அதுதான் உறுத்துகிறது. உட்கார்ந்தது அவர், நடந்தது நான். கடைசியாகக் குடியிருந்தவர்கள் காலி செய்த அன்று சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தேன். உள்பலகை ஊறி உப்பி, விரல் வைத்தால் உதிர்ந்தது. குழாய் இணைப்பில் மாதக்கணக்காகச் சொட்டியிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. படுக்கையறைச் சுவரில் தொலைக்காட்சி மாட்டிய துளைகள், கட்டிலை நகர்த்தினால் அதன் அளவுக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். தச்சர், குழாய்க்காரர், வண்ணம் பூசுபவர் என்று ஒவ்வொருவரையும் பிடித்துவந்து, பக்கத்தில் நின்று, பேரம் பேசி முடித்தேன். பொருளுக்கும் கூலிக்கும் அண்ணன் பணம் அனுப்பினார், அதில் குறையே இல்லை. நான் எடுத்த விடுப்பு எந்த நோட்டிலும் ஏறவில்லை. இரவு பதினொரு மணிக்கு "தண்ணீர் வரவில்லை" என்று குடித்தனக்காரர் கூப்பிட்டது என்னைத்தான்.

"சொந்தத்துக்குள் கணக்குப் பார்ப்பதா?" என்று அத்தை வருத்தப்பட்டிருக்கிறார். லாபத்தைச் சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரியும்படி அறிவிக்கலாம், செலவைக் கேட்டால் மட்டும் சொந்தம் கெட்டுவிடும் போலிருக்கிறது. இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்கள் பல நாடுகளில் மாத வாடகையில் 8 முதல் 12 சதவீதம் வாங்குகின்றன. நான் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை. அது செலவு என்று தெரிந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதுவும் பொறாமையாகிவிட்டது.

இன்று காலை அண்ணனிடமிருந்து தனிச்செய்தி வந்திருக்கிறது. கோபம் தணிந்துவிட்டதாம். விற்ற பணத்தில் இன்னொரு வீடு பார்க்கிறாராம், "நீ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா" என்கிறார். மாத வாடகையில் 10 சதவீதம், விடுப்பு எடுத்தால் அந்த நாளின் சம்பளம் தனி என்று பதில் அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டார், இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கணக்கில் தவறு இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம். என் வயிற்றைப் பற்றி எழுத வருபவர்கள் அண்ணன் பதிவுக்கே போகலாம், அங்கே இடம் இருக்கிறது.