மான்ட்டி பைத்தானைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள்

மான்ட்டி பைத்தான் என்ற பிரித்தானிய நகைச்சுவைத் தொடரை யூடியூபில் தேடினால் செத்துப்போன கிளியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் வருகிறார், விநோத நடை அமைச்சகம் வருகிறது, ஓர் உணவகத்தில் ஸ்பாம் என்ற டப்பா இறைச்சியைப் பாடும் வைக்கிங்குகள் (பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) வருகிறார்கள். எல்லாமே சில நிமிடத் துண்டுகள். நண்பர்கள் பலர் இவற்றைப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்கா இவ்வளவு கொண்டாட்டம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் தவறில்லை. அவர்கள் பார்த்தது அந்த நிகழ்ச்சியை அல்ல என்பதுதான் என் பதில். 1969 முதல் 1974 வரை பிபிசியில் நான்கு சீசன்களாக, 45 எபிசோடுகளாக ஒளிபரப்பான அந்தத் தொடரை, எபிசோடு எபிசோடாக, ஒளிபரப்பான வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் எபிசோடு 1969 அக்டோபர் 5 ஞாயிறன்று, இரவு பதினொரு மணியை நெருங்கும் வேளையில் பிபிசி 1இல் ஒளிபரப்பானது. கிரஹாம் சாப்மன், ஜான் கிளீஸ், எரிக் ஐடில், டெரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகிய ஐந்து பிரித்தானியர்களும், வெட்டியெடுத்த படங்களை நகர்த்தி அனிமேஷன் செய்த அமெரிக்கரான டெரி கில்லியமும் சேர்ந்த குழு அது. என்ன செய்யப்போகிறார்கள் என்று அவர்களுக்கே தெளிவாகத் தெரியாத நிலையில், மாதிரி எபிசோடு கூடக் கேட்காமல் 13 எபிசோடுகளுக்கு பிபிசி ஒப்புதல் கொடுத்தது. இன்றைய தொலைக்காட்சி நிறுவனம் எதுவும் அப்படிக் கொடுக்காது என்பதால், அந்த முடிவை எடுத்தவர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

அதுவரை வந்த குறுநாடக நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு ஸ்கெட்ச்சும், அதாவது ஒவ்வொரு குறுநாடகமும், ஒரு கடைசி நகைச்சுவை வரியில் முடியும், கைதட்டல் எழும், அடுத்தது தொடங்கும். இந்தக் குழு அந்தக் கடைசி வரியையே வேண்டாம் என்று ஒதுக்கியது. ஒரு காட்சி அலுத்துப்போனால் ராணுவ அதிகாரி ஒருவர் உள்ளே வந்து நிறுத்தச் சொல்வார், அல்லது கில்லியமின் அனிமேஷனில் மேலிருந்து ஒரு பெரிய பாதம் இறங்கி எல்லாவற்றையும் நசுக்கும், அல்லது போன காட்சியின் பாத்திரம் இந்தக் காட்சிக்குள் நுழைந்துவிடும். ஆகவே அவர்கள் எழுதியது தனித்தனி ஸ்கெட்ச்கள் அல்ல, முழு அரை மணி நேரம். துண்டாக வெட்டும்போது முதலில் காணாமல் போவது இந்த இணைப்புகள்தான்; அந்தக் குழு மிகுந்த கவனத்துடன் உழைத்ததும் அவற்றில்தான்.

1970 செப்டம்பர் 22 அன்று வந்த எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கூடத்தில் ஒருவர் கேள்விகளால் எரிச்சலடைந்து, 'ஸ்பானிய மதவிசாரணையை (மதக் கொள்கைக்கு மாறானவர்களைத் தண்டித்த பழைய திருச்சபை நீதிமன்றத்தை) நான் எதிர்பார்க்கவில்லை' என்கிறார். உடனே கதவு திறந்து சிவப்பு அங்கியில் மூன்று பாதிரிகள், 'ஸ்பானிய மதவிசாரணையை யாருமே எதிர்பார்ப்பதில்லை!' என்று கத்திக்கொண்டு பாய்ந்து வருகிறார்கள். யூடியூப் துண்டில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் எபிசோடின் இறுதியில், சம்பந்தமே இல்லாத ஒரு நீதிமன்றக் காட்சியில் அதே வாக்கியத்தை வேறொருவர் சொல்கிறார். அங்கிருக்கும் அனைவரும் கதவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரும் வரவில்லை. பாதிரிகள் மூவரும் எங்கோ ஒரு வீட்டிலிருந்து ஓடிவந்து பேருந்து பிடித்து, நிகழ்ச்சியின் முடிவுப் பெயர்ப்பட்டியல் திரையில் ஓடத் தொடங்கிவிட்டதே என்று பதறிக்கொண்டே வருகிறார்கள். நீதிமன்றக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்து, தங்கள் வாக்கியத்தைப் பாதி சொல்வதற்குள் 'முற்றும்' என்ற எழுத்து வந்துவிடுகிறது. அரை மணி நேர ஒளிபரப்பு என்ற கால அளவே இங்கே நகைச்சுவையாகிறது. அந்த அரை மணியைக் கழித்துவிட்டால் இது சிரிப்பதற்கு வழியே இல்லாத காட்சி.

ஸ்பாம் எபிசோடில் முடிவுப் பெயர்ப்பட்டியலுக்குள்ளேயே உணவுப் பெயர்கள் புகுந்துவிடும். பிபிசியின் சுழலும் உலக உருண்டையையும் அறிவிப்பாளர் குரலையும் அவர்களே போலி செய்து நடுவில் போடுவார்கள். நிகழ்ச்சி முடிந்ததா இல்லையா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை இவை. (நம் மின்னஞ்சலில் குவியும் குப்பைக்கு ஸ்பாம் என்ற பெயர் வந்ததும் அந்த உணவகக் காட்சியிலிருந்துதான்.)

இவ்வளவு நுட்பமான நிகழ்ச்சியை பிபிசி ஒளிபரப்பிய விதம் வருத்தத்துக்குரியது. இரண்டாவது சீசன் 1970இல் செவ்வாய் இரவுகளில் வந்தபோது, அதே நேரத்தில் பிபிசியின் சில வட்டார நிலையங்கள் தங்கள் சொந்த நிகழ்ச்சிகளைப் போட்டுக்கொண்டதால், நாட்டின் பல பகுதிகளில் அது தெரியவே இல்லை. 1972 அக்டோபரில் தொடங்கிய மூன்றாவது சீசனில் தணிக்கைத் தலையீடு அதிகரித்தது. அதே சீசனில்தான், சைக்கிள் பயணம் போகும் ஒருவரின் கதையை ஏறத்தாழ ஒரு முழு எபிசோடாகவே எடுத்துப் பார்த்தார்கள்.

நான்காவது சீசனைப் பற்றிப் பொதுவான கருத்துடன் நான் உடன்படவில்லை. ஜான் கிளீஸ் விலகிவிட்டார், ஆறே எபிசோடுகள், பிபிசி 2க்கு மாற்றப்பட்டது, ஆகவே அது தேய்ந்துபோன வால் என்று பலர் சொல்கிறார்கள். கிளீஸின் கோபமும் உயரமும் இல்லாத குறை உண்மைதான். ஆனால் பல்பொருள் அங்காடியில் எறும்பு வாங்கப் போகும் ஒருவரின் கதையாக ஓடும், 1974 நவம்பரில் வந்த அந்த எபிசோடைப் பாருங்கள். கதாநாயகன் கடைசியில் அதே அங்காடியில் 'நிகழ்ச்சி முடிவுகள்' விற்கும் பிரிவுக்குப் போகிறான். விற்பனையாளர் ஒவ்வொரு வகை முடிவாக எடுத்துக் காட்டுகிறார். சட்டென்று முடிவது என்ற வகைக்கு வந்ததும் திரை இருண்டுவிடுகிறது. முதல் சீசனில் கடைசி வரியைத் துறந்தவர்கள், ஐந்து ஆண்டுகளில் முடிவு என்ற சிக்கலையே கதையாக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். வரிசையாகப் பார்த்தவருக்கு மட்டுமே இந்த வளர்ச்சி புரியும்.

வெட்டுவதா கூடாதா என்ற இந்த வழக்கு உண்மையிலேயே நீதிமன்றம் போனது. 1974இல் டல்லஸ் நகரின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் இத்தொடரை ஒளிபரப்பத் தொடங்க, அமெரிக்காவில் ரசிகர்கள் உருவானார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசி நான்காவது சீசனின் எபிசோடுகளை மும்மூன்றாகச் சேர்த்து, இரண்டு சிறப்பு நிகழ்ச்சிகளாக்க முனைந்தது. விளம்பரத்துக்கு இடம் விடவும், ஆட்சேபத்துக்குரியது என்று கருதியதை நீக்கவும், 90 நிமிடத்தில் 24 நிமிடத்தை வெட்டியது. குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக இடைக்காலத் தடை வழங்கியது. படைப்பைச் சிதைத்து, அதைப் படைத்தவர் பெயரிலேயே காட்டுவதை எதிர்க்க அவருக்கு உரிமை உண்டு என்ற அந்தத் தீர்ப்பு இன்றும் சட்ட மாணவர்களுக்குப் பாடம். ஒளிபரப்பு நிறுவனத்தின் வெட்டை ஏற்க மறுத்து அவர்கள் வழக்காடியிருக்க, நாம் விரும்பி அதே வெட்டைச் செய்துகொள்கிறோம் என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

45 எபிசோடுகளும் நம் கைக்கு வந்து சேர்ந்ததே சாதாரண விஷயமல்ல. அந்தக் காலத்தில் வீடியோ நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம். நகைச்சுவை நடிகர்கள் பீட்டர் குக்கும் டட்லி மூரும் பிபிசிக்குச் செய்த அருமையான தொடரின் பெரும்பகுதி அப்படித்தான் அழிந்தது. தங்கள் நாடாக்களும் அழிபடவிருந்தன என்று டெரி ஜோன்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தப்பிப் பிழைத்த அவற்றில் எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு, முதல் சீசனின் முதல் எபிசோடிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். முதல் இரண்டு எபிசோடுகள் கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். செத்த கிளி எட்டாவது எபிசோடில் வருகிறது; அதற்குள் இந்த நிகழ்ச்சியின் நடைக்கு உங்கள் கண் பழகியிருக்கும்.