தரம் 3 பிள்ளைக்கு எதற்கு மாதிரி வினாத்தாள்?

தரம் 3ஐ, தரம் 5இல் வரும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான ஓட்டமாகப் பார்க்காதீர்கள் என்று நான் வாசித்த ஒரு கட்டுரை சொல்வது முழுக்கச் சரி. இலங்கையின் ஆரம்பக் கல்வியில் தரம் 3, 4 இரண்டும் சேர்ந்து இரண்டாவது கட்டம், அதாவது இரண்டாம் முதன்மை நிலை. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை மூன்றுக்கும் சம இடம் என்றுதானே பாடத்திட்டத்தில் வைத்திருக்கிறார்கள். என் மகள் போன கிழமை சென்ரிமீற்றர் படித்துவிட்டு வந்து, வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கிய பயற்றங்காயை அளக்க 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் போதாமல் நூல் பிடித்து அளந்து, கொப்பியில் எழுதி, அப்புறம் அம்மம்மாவிடம் இதற்குச் சிங்களத்தில் என்ன பெயர் என்று கேட்டாள். கணிதம், தமிழ், சுற்றாடல், இரண்டாம் மொழி எல்லாம் ஒரே பயற்றங்காயில்! பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ இரவு ஏழு மணிவரை ரியூசன், மாதிரி வினாத்தாள். எட்டு வயது, பாவம். பெற்றோரே, அந்த நேரத்தில் பிள்ளையைச் சந்தைக்குக் கூட்டிப்போங்கள்.